கரி ஓடை, சீன ஓடை

வீடு வாங்கும்போது நீட்டப்படும் காகிதக் கட்டை முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடுகிறவர்கள் மிகக் குறைவு. 2018-இல் நான் அதை இரண்டு இரவுகள் உட்கார்ந்து படித்தேன். சியாட்டிலுக்கு எதிர்க்கரையில், வாஷிங்டன் ஏரியைத் தாண்டினால் வரும் நியூகாசில் என்ற சிறிய ஊரில் எங்களுக்கு ஒரு வீடு அமைந்திருந்தது. கட்டின் நடுவே ஒரு வரைபடம். அதில் கோடுகள் இழுத்து நிழலிட்ட பகுதிக்குப் பெயர், நிலக்கரிச் சுரங்க அபாயப் பகுதி. எங்கள் மனை அந்த நிழலுக்கு வெளியே, இரண்டு தெரு தள்ளி இருந்தது. வீட்டு முகவரிடம் கேட்டேன். "அதெல்லாம் தாத்தா காலத்துக் கதை, கவலைப்படாதீர்கள்" என்றார். நான் கவலைப்படவில்லை. ஆனால் தாத்தா காலத்துக் கதை என்று யாராவது சொல்லிவிட்டால் அதைக் கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது.

இன்று நியூகாசிலைப் பார்ப்பவர்களுக்கு அங்கே சுரங்கம் இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஏறத்தாழ 13,000 பேர் வாழும் ஊர். மேட்டு வீடுகளின் மாடியிலிருந்து பார்த்தால் ஏரியும், ஏரிக்கு அப்பால் சியாட்டிலின் உயர்ந்த கட்டடங்களும் தெரியும். காலையில் அப்பா அம்மாக்கள் பெல்வியூவுக்கும் ரெட்மண்டுக்கும் கணினி வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகள் மஞ்சள் பஸ்ஸில் பள்ளிக்குப் போகிறார்கள். ஊரின் முதுகெலும்பாக ஓடும் பெரிய சாலைக்குப் பெயர் மட்டும் கோல் கிரீக் பார்க்வே. கரி ஓடைச் சாலை. ஊரின் பெயரே கரிப் பெயர்தான். இங்கிலாந்தில் டைன் நதிக்கரையில் உள்ள நியூகாசில், நிலக்கரிக்குப் பேர்போனது. அந்த ஊருக்குக் கரி கொண்டுபோவது என்றால் நம் கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல. அந்தப் பெயரை அப்படியே எடுத்து இந்தக் காட்டுக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு கோடையில் விழுப்புரத்திலிருந்து அப்பா வந்தார். அவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். இளம் வயதில் விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபயர்மேனாக இருந்து, ஒய்.ஜி., ஒய்.பி. என்ஜின்களின் அடுப்பில் மண்வாரியால் கரி தள்ளியவர். அமெரிக்காவில் அவருக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே தினமும் கரி ஓடையை ஒட்டிய காட்டுப்பாதையில் நடந்தோம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அப்பா ஓடைக்கரையில் குனிந்து ஒரு கறுத்த துண்டை எடுத்தார். விரலால் தேய்த்தார், கையில் வைத்து எடை பார்த்தார், நகத்தால் ஓரத்தைக் கீறினார்.

"என்னம்மா இது, கரி சிதறிக் கிடக்கிறது?"

சுரங்கம் இருந்த இடம் என்று சொன்னேன். அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது முற்றிய கரி இல்லை. ஈரம் அதிகம். வெயிலில் காய்ந்தால் பொடியாக உதிரும். எங்களுக்கு சிங்கரேணிக் கரி வரும், அதற்கு இருக்கிற பிடிமானம் இதற்கு இல்லை" என்றார். பிறகுதான் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த மலையின் கரி முற்றாத கரிதான். வெளியே எடுத்து நாள்பட வைத்தால் நொறுங்கும், குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். அப்பாவின் விரல்களுக்கு அது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அவர் துண்டை மறுபடி ஓடையிலேயே போட்டுவிட்டு நடந்தார். எனக்கு அன்றுதான் இந்த ஊர் மீது உண்மையான பிடிப்பு ஏற்பட்டது.

இந்த ஓடையில் கரி கண்டுபிடிக்கப்பட்டது 1863-இல். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1855-இல், துவாமிஷ் உள்ளிட்ட பழங்குடியினர் பாயின்ட் எலியட் உடன்படிக்கையின் கீழ் இந்த நிலங்களை விட்டுக்கொடுக்க வைக்கப்பட்டிருந்தார்கள். ஏரிக்கரை முழுவதும் அவர்களுடைய ஊர்கள் இருந்தன. கரியின் கதையை 1863-இலிருந்து தொடங்குவது வழக்கம். நிலம் யாரிடமிருந்து வந்தது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கரி இருந்தது, சரி. அதை எப்படிக் கொண்டுபோவது? அன்றைய சியாட்டில் கடலோரத்தில் ஒரு சின்னஞ்சிறு மரம் அறுக்கும் ஊர். கரி இருப்பது ஏரிக்கு மறுபக்கம், மலையில். வாங்குகிறவர்கள் இருப்பது தெற்கே பல நாள் கப்பல் பயணத் தூரத்தில், சான் ஃபிரான்சிஸ்கோவில். இடையே காடு, ஏரி, மேடு, இன்னொரு ஏரி, இன்னொரு மேடு. சுரங்கக்காரர்கள் செய்த வேலையைப் படித்தபோது எனக்கு மலைப்பாக இருந்தது. சுரங்க வாயிலிலிருந்து மலைச்சரிவில் கரியை இறக்கி ஏரிக்கரைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே தட்டைப் படகில் ஏற்றி வாஷிங்டன் ஏரியைக் கடந்தார்கள். மறுகரையில் இறக்கி, குறுகிய நிலப்பகுதி வழியே இழுத்து, யூனியன் ஏரியில் இன்னொரு படகில் ஏற்றினார்கள். அந்த ஏரியையும் கடந்து மறுபடி இறக்கி, பைக் தெருவின் முனையில், எலியட் விரிகுடாவில் நின்ற கரித்தொட்டிகளில் கொட்டினார்கள். அங்கிருந்து கப்பல். மலையிலிருந்து கப்பலுக்குள் போவதற்குள் ஒரே கரி பதினொரு முறை கைமாறியது என்று சொல்வார்கள்.

இந்தப் பயணத்தின் கடைசித் துண்டுக்காகத்தான் சியாட்டிலுக்கு முதல் ரயில் என்ஜின் வந்தது. 1872 மார்ச்சில் யூனியன் ஏரியிலிருந்து பைக் தெரு வரை அது ஓடியது. அதன் பெயர் எறும்பு. திறப்பு நாளில் ஊர்மக்களை இலவசமாக ஏற்றிக்கொண்டு நாள் முழுக்கப் போய்வந்தது. இன்று உலகத்திலிருந்து சுற்றுலாப் பயணிகள் வந்து குவியும் பைக் தெருச் சந்தையின் கீழே நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கரித்தொட்டிகள்தான் கண்ணில் நிற்கின்றன. சியாட்டில் மரத்தாலும் மீனாலும் வளர்ந்த ஊர் என்று பள்ளியில் என் மகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். அதில் கரியைச் சேர்க்காமல் விடுவது பெரிய குறை.

ஏரி எல்லாவற்றையும் பத்திரமாகக் கொண்டுசேர்க்கவும் இல்லை. 1875-இல் புயலில் சிக்கிய ஒரு படகிலிருந்து கரி நிறைந்த 18 பெட்டிகள் வாஷிங்டன் ஏரியில் மூழ்கின. இன்றும் அவை ஏரியின் அடியில் கிடக்கின்றன. மிதக்கும் பாலத்தில் நெரிசலில் நிற்கும் மாலைகளில் அப்பா வலது பக்கம் நீரைப் பார்த்து, "அந்தப் பெட்டிகள் எந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்பார். மூழ்கிய கரியை நினைத்து வருத்தப்படக்கூடிய ஒரே மனிதர் அந்த நேரம் அந்தப் பாலத்தில் அவராகத்தான் இருந்திருப்பார்.

இந்தப் படகுத் தொல்லை தீர்ந்தது ஒரு மனத்தாங்கலால். 1873-இல் நார்தர்ன் பசிபிக் ரயில் கம்பெனி, கண்டத்தைக் கடந்து வரும் தன் பாதையின் மேற்கு முனையாக சியாட்டிலை விட்டுவிட்டு டகோமாவைத் தேர்ந்தெடுத்தது. சியாட்டில்காரர்களுக்கு அது தாங்க முடியாத அவமானம். எங்களுக்கு நாங்களே ரயில் போட்டுக்கொள்கிறோம் என்று கிளம்பினார்கள். 1874 மே முதல் நாள் ஊரே மண்வெட்டியோடும் சாப்பாட்டுக் கூடைகளோடும் புறப்பட்டுப் போய்த் தடம் வெட்டத் தொடங்கியது. கேஸ்கேட் மலைகளைத் தாண்டி வல்லா வல்லா என்ற ஊர் வரை போவது திட்டம். பெயரும் சியாட்டில்-வல்லா வல்லா ரயில்வே. உற்சாகம் எத்தனை நாளைக்கு? ஜேம்ஸ் கோல்மன் என்பவர் பொறுப்பேற்று, சீனத் தொழிலாளர்களைக் கொண்டு வேலையை நகர்த்திய பிறகுதான் தண்டவாளம் 1877-இல் ரெண்டனையும் 1878-இல் நியூகாசிலையும் தொட்டது. மலைகளை அது தாண்டவே இல்லை. வல்லா வல்லாவைப் பார்க்கவும் இல்லை. ஆனால் சுரங்க வாயிலில் ஏற்றிய கரி கப்பல் துறை வரை இறங்காமல் போனது. அது போதுமானதாக இருந்தது. ஊர் செழித்தது. 1880-இல் ஹென்றி வில்லார்ட் என்ற ரயில் முதலாளி ரயிலையும் சுரங்கத்தையும் சேர்த்தே வாங்கினார். அவருடைய ஒரிகன் இம்ப்ரூவ்மென்ட் கம்பெனியின் கைக்கு எல்லாம் போனது. பிறகு 1897-இல் பசிபிக் கோஸ்ட் கம்பெனி.

சுரங்கத்துக்குள் எப்படி வேலை நடந்தது என்று தெரிந்துகொண்டால்தான் இன்றைக்கு இந்த மண் ஏன் உள்வாங்குகிறது என்பது புரியும். இங்கே கரிப்படுகைகள் கிடைமட்டமாகப் படுத்திருக்கவில்லை. மேசையின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்ததுபோலச் சரிந்து கிடக்கின்றன. படுகையின் சரிவிலேயே ஒரு சாய்வுப் பாதையைக் கீழ்நோக்கி வெட்டுவார்கள். அதிலிருந்து இரண்டு பக்கமும் கிடையாகச் சுரங்கப்பாதைகள் பிரியும். அங்கிருந்து தொழிலாளி மேல்நோக்கிக் குடைவான். வெட்டிய கரி சரிவில் தானே உருண்டு கீழே நிற்கும் பெட்டியில் விழும். கோவேறு கழுதைகள் பெட்டிகளை இழுத்துவரும். சாய்வுப் பாதையில் நீராவி விசை, இரும்புக் கயிற்றால் பெட்டிகளை மேலே தூக்கும். கூரை விழாமல் இருக்க இடையிடையே கரியைத் தூணாக விட்டுவைப்பார்கள். ஒரு பகுதியை மூடும்போது அந்தத் தூண்களையும் வெட்டி எடுத்துக்கொண்டு வெளியேறுவார்கள். அதற்குப் பிறகு மேலே இருக்கிற மண்ணைத் தாங்க ஒன்றுமில்லை. தரைக்கு மிக அருகில் வரை குடைந்த இடங்களில் மண் குழியாக இறங்கியது. இன்றும் இறங்குகிறது.

நூறு ஆண்டுகளில் இப்படி ஒரு கோடி டன்னுக்கும் மேல் வெளியே போயிருக்கிறது. அவ்வளவு வெற்றிடம் எங்கள் ஊர்ப்பக்கத்து மலைக்குள் இருக்கிறது.

மேலே ஊர் இருந்தது. வேல்ஸிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த சுரங்கக் குடும்பங்கள், பின்லாந்துக்காரர்கள், இத்தாலியர்கள், குரோஷியர்கள். கம்பெனி வீடுகளுக்கு அடித்த வண்ணமே குடியிருப்புகளுக்குப் பெயரானது. சிவப்பு வீடுகள் இருந்தது ரெட் டவுன், பல வண்ண வீடுகள் இருந்தது ரெயின்போ டவுன். ரெட் டவுனில் இப்போது வீடு இல்லை. காட்டுப்பாதை தொடங்கும் இடத்துக்குப் பெயராக நிற்கிறது. அங்கே நடுக்காட்டில் ஒரு புல்வெளி. சுரங்க ஊர் பேஸ்பால் ஆடிய மைதானம் அது. சற்றுத் தள்ளி, சாய்வுச் சுரங்கத்தின் வாயும், விசை நின்ற கான்கிரீட் மேடையும் பாசி படர்ந்து கிடக்கின்றன. 1879-இல் தொடங்கிய கல்லறைத் தோட்டம் இப்போது வீடுகளுக்கு நடுவே இருக்கிறது.

இந்த ஊர்க்காரர்களின் வாழ்க்கையை இனிமையாகச் சித்தரிப்பதில் எனக்கு விருப்பமில்லை. 1891-இல் பக்கத்துச் சுரங்க ஊரான ஃபிராங்க்ளினில் வேலைநிறுத்தம் நடந்தபோது, கம்பெனி நடுமேற்கு மாநிலங்களிலிருந்து கருப்பினத் தொழிலாளர்களைக் குடும்பத்தோடு ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தது. அங்கே வேலைநிறுத்தம் நடக்கிறது என்பது அவர்களில் பலருக்குச் சொல்லப்படவில்லை. வந்திறங்கினால் ஒரு பக்கம் துப்பாக்கி ஏந்திய காவலர்கள், மறுபக்கம் கொதிக்கும் வெள்ளைத் தொழிலாளர்கள். அவர்களில் சிலர் நியூகாசிலுக்கும் அனுப்பப்பட்டார்கள். ஃபிராங்க்ளினில் 1894 ஆகஸ்டில் சுரங்கத்தீயில் 37 பேர் மூச்சுத்திணறி மாண்டார்கள். 1921-இல் கம்பெனி கூலியைக் குறைக்க, சங்கத்தில் இருந்தவர்கள் மறுத்து வெளியேற, அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். கூலியைக் கீழே பிடித்துவைக்க ஒவ்வொரு முறையும் ஒரு புதிய கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்குவதும், ஏற்கெனவே இருப்பவர்கள் கம்பெனியை விட்டுவிட்டு அந்தப் புதியவர்கள் மேல் பாய்வதும் இந்த ஊரின் வழக்கமாக இருந்தது.

கரியைக் கொன்றது கலிபோர்னியாவின் எண்ணெய். கப்பல்களும் என்ஜின்களும் எண்ணெய்க்கு மாறின. வீடுகளுக்கு நீர்மின்சாரம் வந்தது. அருகிலுள்ள ஸ்னோகுவால்மி அருவியில் 1898 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். 1920களின் முடிவில் பெரிய கம்பெனி கடையைக் கட்டியது. 1930களில் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். விட்டுப்போன தூண்களையும் ஓரங்களையும் சிறு சிறு கூட்டாளிகள் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அதுவும் 1963-இல் நின்றது.

1963 என்ற ஆண்டு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் வாஷிங்டன் ஏரியின் மேல் இரண்டாவது மிதக்கும் பாலம் திறக்கப்பட்டது. முதல் பாலம் 1940-இல் வந்துவிட்டது. அது வரும்வரை இந்தக் கிழக்குக் கரை பண்ணைகளும் ஸ்ட்ராபெரித் தோட்டங்களுமாக இருந்தது. பாலம் வந்ததும் பெல்வியூ வளர்ந்து 1953-இல் நகரமானது. ரெண்டனில் போரின்போது பி-29 குண்டுவீச்சு விமானங்களைக் கட்டிய போயிங் தொழிற்சாலை, பிறகு 707, 737 என்று கட்டிக்கொண்டே போனது. அங்கே வேலை செய்தவர்களுக்கு வீடு வேண்டும். பெருஞ்சாலை வந்தது. சுரங்கத்தைச் சுற்றியிருந்த மேடுகளில் வீட்டுமனைகள் எழுந்தன. கடைசித் தொழிலாளி விளக்கை அணைத்துவிட்டு மேலே வந்த ஆண்டில், அவன் வீட்டைச் சுற்றி ஏற்கெனவே புல்தரையும் கார் கொட்டகையும் வைத்த வீடுகள் வரத் தொடங்கிவிட்டன. பிறகு 1979-இல் மைக்ரோசாஃப்ட் பெல்வியூவுக்கு வந்தது, 1986-இல் ரெட்மண்டுக்குப் போனது. எங்களைப் போன்றவர்களின் வருகைக்கு அது தொடக்கம்.

சுரங்கம் தோண்டிய பள்ளங்களில் நகரத்தின் இடிபாடுகளைக் கொட்டினார்கள். அதன் மேல் மண் போட்டு மூடி, 1999-இல் கோல்ஃப் மைதானம் திறந்தார்கள். வெளியே எடுத்துக் குவித்த கழிவுக்கரி ஆண்டுக்கணக்கில் தானாக எரிந்து செம்மண் நிறத்தில் சுட்ட கல்லாக மாறிக் கிடந்தது. அதையும் வெட்டி எடுத்து ஓட்டப்பந்தயத் தடங்களுக்கும் சாலைகளுக்கும் போட்டார்கள். மலையின் பெரும்பகுதி தப்பியது, மக்கள் போராடியதால். 1983-இல் கூகர் மலைப் பூங்கா உருவானது. இன்று 3,000 ஏக்கருக்கும் மேல் காடு. அங்கே பாதைகளின் பெயர்களைப் படித்தாலே சுரங்க வரைபடம் கிடைத்துவிடும். பேக்லி படுகைப் பாதை, பிரிம்ரோஸ் பாதை, ரெட் டவுன் பாதை. மண் உள்வாங்கிய குழிகளை ஒட்டிப் போவதற்குக் குழிப் பாதை என்றே பெயர். பாதையை விட்டு விலகாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அப்பா அந்தப் பலகை முன்னால் நின்று, பேத்தியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குழியை எட்டிப் பார்க்காமலே திரும்பிவிட்டார். 1994-இல் இந்தப் பகுதி மக்கள் வாக்களித்துத் தனி நகரமானார்கள். பெயர் தேவைப்பட்டபோது பழைய சுரங்கத்தின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்வேன். மலைக்காட்சி, ஏரிக்காட்சி என்று எங்கேயும் ஒட்டக்கூடிய ஒரு பெயரை வைத்திருந்தால் நான் எதையும் தேடியிருக்க மாட்டேன்.

ஒன்றை இதுவரை வேண்டுமென்றே தள்ளிவைத்திருந்தேன். தண்டவாளம் போட்ட சீனத் தொழிலாளர்கள் என்று மேலே ஒரு வரியில் கடந்துபோனேன் அல்லவா? ஊர் வரலாற்றைச் சொல்கிறவர்களும் அப்படித்தான் கடந்துபோகிறார்கள்.

1882-இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதைத் தடைசெய்தது. ஏற்கெனவே வந்தவர்கள் குறைந்த கூலிக்கு வேலை செய்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்ற பேச்சு மேற்குக் கரையெங்கும் இருந்தது. 1885 செப்டம்பர் 2 அன்று வயோமிங்கில் ராக் ஸ்பிரிங்ஸ் என்ற கரிச்சுரங்க ஊரில் வெள்ளைத் தொழிலாளர்கள் சீனர் குடியிருப்பைத் தாக்கினார்கள். குறைந்தது 28 பேர் கொல்லப்பட்டார்கள். ஐந்து நாள் கழித்து, எங்கள் மலைக்கு மறுபக்கம், இன்று இசக்வா என்று அழைக்கப்படும் ஸ்குவாக் பள்ளத்தாக்கில், பீர் தயாரிக்கப் பயன்படும் ஹாப்ஸ் பறிக்க வந்து கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்த சீனர்களை இரவில் சுட்டார்கள். மூன்று பேர் இறந்தார்கள். வழக்கு நடந்தது. சுட்டவர்கள் விடுதலையானார்கள். அந்தத் துப்பாக்கிச்சூட்டுக்கு நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 11 இரவு, முகமூடி அணிந்தவர்கள் கரி ஓடைக்கு வந்தார்கள். சுரங்கத்தில் வேலை செய்த 49 சீனர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். அவர்களை வெளியே துரத்திவிட்டு, அவர்கள் தங்கியிருந்த கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். துணிமணிகளும் எரிந்தன. 1886 பிப்ரவரி 7 அன்று சியாட்டிலிலேயே கூட்டம் வீடுவீடாகப் போய்ச் சுமார் 350 சீனர்களை இழுத்துக் கப்பல் துறைக்கு நடத்திப்போனது. இந்த ஊர்க் கரியைக் கப்பலுக்குக் கொண்டுசேர்த்த தண்டவாளம் சீனர்களின் கை போட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து அதே துறைமுகம் வழியாகத்தான் அவர்களை விரட்டினார்கள்.

நான் படித்தவற்றில் 49 என்ற எண் இருந்தது. பெயர்கள் இல்லை. பெல்வியூ நூலகத்தின் வெளிச்சமான மேசையில் உட்கார்ந்து இதைப் படித்த அன்று என்னால் எழுந்து வீட்டுக்குப் போக முடியவில்லை. செப்டம்பர் 11 என்றால் அமெரிக்காவில் எல்லோருக்கும் வேறொரு துயரம்தான் நினைவுக்கு வரும். அது நியாயமானதுதான். இந்த ஊரில் மட்டும் அந்தத் தேதிக்கு இன்னொரு துயரமும் உண்டு.

எனக்கென்ன வந்தது, அவர்கள் சீனர்கள்தானே என்று யாராவது கேட்கலாம். 1907 செப்டம்பர் 4 அன்று, இங்கிருந்து வடக்கே சுமார் 150 கிலோமீட்டரில், பெல்லிங்ஹாம் என்ற ஊரில் மர ஆலைகளில் வேலை செய்த இந்தியர்களை இதே போலக் கூட்டம் கூடி அடித்துத் துரத்தினார்கள். பெரும்பாலோர் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்கள். கூட்டத்துக்கு அவர்கள் எல்லோரும் இந்துக்கள். சொல்லப்பட்ட காரணமும் அதேதான், குறைந்த கூலி. 1917-இல் இந்தியர் உள்ளிட்ட ஆசியர்களுக்கும் கதவு மூடப்பட்டது. 1946-இல்தான் இந்தியர் குடியுரிமை பெறலாம் என்றார்கள், அதுவும் ஆண்டுக்கு நூறு பேர் மட்டுமே குடியேறலாம் என்ற வரம்போடு. உண்மையில் கதவு திறந்தது 1965 சட்டத்தால். அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் நானும் என் கணவரும் வந்தோம். எங்கள் தெருவில் எதிர் வீட்டில் சீனக் குடும்பம், அடுத்த வீட்டில் தெலுங்குக் குடும்பம், மூலையில் கொரியர்கள். 1885-இல் எங்களில் ஒருவர்கூட இங்கே ஓர் இரவு நிம்மதியாகத் தூங்கியிருக்க முடியாது. வீட்டு விலை ஏறியதா இறங்கியதா என்று நாங்கள் வாரம்தோறும் பேசிக்கொள்கிறோம். இதைப் பேசிக்கொண்டதில்லை.

துரத்தப்பட்டவர்களின் தடம் ஊரில் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று ஓடை. கரி ஓடை தவிர இங்கே சைனா கிரீக் என்றும் ஒன்று உண்டு, சீன ஓடை. மற்றது கோல்ஃப் மைதானம். பள்ளங்களை மூடி எழுப்பிய அந்த மைதானத்தில் இரண்டு ஆட்டத் திடல்கள். ஒன்றின் பெயர் கோல் கிரீக், மற்றதன் பெயர் சைனா கிரீக்.

எதிர் வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற பொறியாளர், மகன் குடும்பத்தோடு இருக்கிறார், வாரம் ஒருநாள் அந்த மைதானத்தில் ஆடுகிறவர். அப்பாவுக்கும் அவருக்கும் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆனாலும் கோடை முழுவதும் மாலையில் இருவரும் எங்கள் வீட்டு முன்திண்ணையில் உட்கார்ந்து, அவர் கொண்டுவரும் தேநீரைக் குடித்துக்கொண்டு, போகிற வருகிற கார்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்பா ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின வாரம் நான் பெரியவரிடம் அந்த 49 பேரைப் பற்றிச் சொன்னேன். அவர் நடுவில் எதுவும் கேட்கவில்லை. முடிந்ததும், சைனா கிரீக் என்பதை அலங்காரத்துக்கு வைத்த பெயர் என்றே நினைத்திருந்தேன், சீனாவிலிருந்து நிறையப் பேர் விளையாட வருவதால் வைத்தார்கள் போல என்று எண்ணியிருந்தேன் என்றார். எத்தனை பேர் என்று மறுபடி கேட்டார். சொன்னேன். அப்பா என்ன பேச்சு என்று என்னைப் பார்த்தார். தமிழில் அவருக்கும் சொன்னேன். அப்பா பெரியவரின் கோப்பையை வாங்கி அதில் தேநீரை நிரப்பிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் பெரியவர் மைதானத்துக்குப் போனார். அன்று ஆடவில்லையாம். மட்டைப் பையைக் காரிலேயே வைத்துவிட்டு, ஓடை எங்கே என்று அங்கிருந்த பணியாளரிடம் கேட்டு, அதுவரை நடந்துபோய்விட்டு வந்திருக்கிறார். தண்ணீர் மிகக் குறைவாக ஓடியது என்றார்.